காவலில் கழிந்த நாள் கணக்கு

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் இளைஞன் கைதாகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஜாமீன் உண்டு, கட்டப் பணமில்லை. 8 மாதம் ரிமாண்டில் கிடக்கிறான். பிறகு 18 மாதச் சிறை என்று தீர்ப்பாகிறது. நன்னடத்தைக் கழிவை விட்டுவிடுங்கள். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் அவன் அடைபட்டிருப்பது மொத்தம் 26 மாதம். கைதான நாளிலிருந்து எண்ணினால் 18 மாதம். ஜாமீன் கட்ட வசதியுள்ளவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை!

இந்த நாள்களைக் கழித்தே ஆகவேண்டும் என்ற விதி மிகப் பழையதன்று. இங்கிலாந்தில் அது 1967ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தால் வந்தது. இந்தியாவில் வெள்ளைக்காரர் இயற்றிய 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு விதி கிடையாது. 1973இல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின் 428ஆம் பிரிவுதான் அதைத் தந்தது. முன்பே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் கூறியது.

ஆனால் வழக்கே முடியாதவனுக்கு எதிலிருந்து கழிப்பது? பீகார்ச் சிறைகளில் பலர், குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக்கே காத்துக் கிடந்தனர். 1979இல் வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கொரானி அதை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்றார் நீதிபதி பகவதி.

நம் மலேசியாவில் நிலைமை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 282ஆம் பிரிவுப்படி, சிறைத்தண்டனை தீர்ப்பு நாளிலிருந்தே தொடங்கும். நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டால் மட்டுமே மாறும். தானாகக் கழியாது. நீதிபதிகள் பலர் கைது நாளிலிருந்து தொடங்கச் சொல்வதுண்டு. ஆனாலும் அது அவர் முடிவு; ஆகவே கேட்க ஆள் வேண்டும். தண்டனை சொல்லுமுன் நீதிபதி, ஏதேனும் சொல்ல இருக்கிறதா என்று கேட்கும் வேளையே அதற்கு உரிய வேளை. கைதான தேதியை வீட்டார் குறித்துவைத்து வக்கீலிடம் கொடுக்கலாம். வக்கீல் வைக்க இயலாத குடிமக்களுக்காக, 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் இலவசமாக வழக்கறிஞரை அனுப்பி வருகிறது.

அந்தத் தேதியின் கனம் 2023இல் நன்றாகத் தெரிந்தது. கட்டாய மரண தண்டனை அவ்வாண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. தூக்குத் தண்டனைக் கைதிகளின் மனுக்களைக் கூட்டரசு நீதிமன்றம் மறுஆய்வு செய்து, பலருக்கு 30 ஆண்டுச் சிறையாக மாற்றியது. எந்த நாளிலிருந்து? ‘தாரிக் தங்காப்’, கைதான நாளிலிருந்து. இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தவனின் தாய்க்கு, மகன் வீடு திரும்பும் ஆண்டை விரல்விட்டு எண்ண முடிந்தது.