கட்டை அணிகள்

தெருக்கூத்தில் அரசர், வீரர் வேடங்களுக்குக் கட்டப்படும் மரக் கவச அணிகள். தருமபுரி உள்ளிட்ட வடதமிழக மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் இவற்றைக் காணலாம். கிரீடம், புஜக்கீர்த்தி (தோளணி), மார்புப் பதக்கம் ஆகியவை முதன்மையானவை.

செய்முறை: எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணக் காகிதமும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டுவர். கூத்தர்களே செய்துகொள்வதும் உண்டு. கயிற்றால் உடலோடு இறுக்கிக் கட்டுவதால், கிறுகி ஆடும்போதும் நழுவாது.

பயன்: இடுப்பில் துணி மடிப்புகளைச் சுற்றிப் பாவாடையைப் புடைக்கச் செய்வர். அதனோடு அகன்ற தோளணியும் உயர்ந்த கிரீடமும் சேர, துரியோதனன், கர்ணன் போன்றோரின் உருவம் பெரிதாகத் தோன்றும். கண்ணாடிகள் விளக்கொளியைச் சிதறடிப்பதால், தொலைவில் அமர்ந்தோருக்கும் வேடம் துலங்கும்.