காட்டுத்தீத் தடுப்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைக் காடுகள்

பாலக்காட்டின் பரம்பிக்குளம் தொடங்கி இடுக்கியின் சின்னார், இரவிகுளம் வரை தமிழக எல்லையை ஒட்டியுள்ள காடுகளில் தீயைத் தடுக்கவும் அணைக்கவும் உருவான ஏற்பாடுகளின் வரலாறு இது. இங்கே தீக்காலம் ஜனவரியில் தொடங்கிக் கோடைமழை வரை நீளும். தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதே.

மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று ஆட்சிகளில் இக்காடுகள் பிரிந்துகிடந்தன. மலபாருக்குப் பொருந்திய 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. மரத்தின் வருவாயைக் காப்பதே அன்றைய முதல் அக்கறை; புனம் எரித்துப் பயிரிட்ட மலைவாழ் மக்களின் தீயறிவு கணக்கில் வரவில்லை. 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டமும் அந்தத் தடையைத் தொடர்ந்தது.

நடைமுறையில் காட்டைக் காத்தது தீத்தடுப்புக் கோடுதான். புல் முழுதும் காயுமுன் ஒரு பட்டையாகச் செதுக்கி, சருகைக் கூட்டி, காற்று அடங்கிய நேரத்தில் ஆட்கள் இருபுறமும் நிற்க எரித்துவிடுவார்கள். பின்னர் வரும் தீ எரிபொருளின்றி அங்கே நிற்கும். மீறிப் பரவினால் பச்சைத் தழையால் அடிப்பார்கள். முடியாத இடத்தில், வரும் தீக்கு எரிபொருள் இல்லாதபடி அதற்கு எதிரே முன்கூட்டியே எரிக்கும் எதிர்த்தீ வைப்பார்கள். இரவிகுளத்தில் முதுவர்களும் பரம்பிக்குளத்தில் காடர், மலசர் முதலியோரும் காவலர்களாக இவ்வேலையில் உள்ளனர்.

2018 மார்ச் 11 அன்று இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தனர். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஈடுகொடுக்க முடியாது. முதலில் உதவிக்கு ஓடியவர்கள் உள்ளூர் மக்களே. விமானப்படை ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2020 பிப்ரவரியில், பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தின் தேசமங்கலம் அருகே தீயணைக்கப் போன 3 வனக்காவலர்கள் மாண்டனர். பயிற்சி பெற்ற காவலரையும் தீ சூழ்ந்துகொள்ளும் என்பதற்கு அது சான்று.

இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை அனுப்புகிறது. 2017 முதல் 375 மீட்டர் நுணுக்கத்தில் தீப்புள்ளிகள் தெரிகின்றன. ஆயினும் செயற்கைக்கோள் ஓர் இடத்தை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. செய்தி வந்தபின் செங்குத்தான சரிவில் ஏறிச் செல்வது காவலரின் கால்களே. அவர்களில் பலர் தீக்காலத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு அமர்த்தப்படுபவர்கள். நிரந்தர வேலை, தீக்காப்பு உடை, காப்பீடு ஆகிய மூன்றையும் இவர்களுக்கு உறுதிசெய்வதே இக்காடுகளின் தீத்தடுப்பில் முதலில் நடக்க வேண்டிய சீர்திருத்தம்.