மூன்று மலைகளுக்கிடையே ஓர் அந்தலூசிய நிழல்

1532ஆம் ஆண்டில் ஸ்பானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், கடலுக்கப்பால் தம் படையினர் அமைத்த ஒரு சிற்றூருக்கு நகரச் சின்னம் ஒன்றை வழங்கினார். அச்சின்னத்தின் கீழ்ப்பகுதியில் மூன்று மலைகள். நடுமலை நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அம்மலைகளுக்கு மேலே, வாளேந்திக் குதிரைமீது பாய்கிறார் ஒரு வீரர். அவரே சாந்தியாகோ, அதாவது கிறிஸ்தவர்கள் போற்றும் யாக்கோபு அடிகள். ஊரின் பெயரும் அவர் பெயரே: சாந்தியாகோ தெ லோஸ் கபல்யெரோஸ் தெ குவாத்தமாலா. இன்று உலகோர் அதனை அந்திகுவா என்றழைக்கின்றனர். அந்திகுவா என்றால் பழையது என்பது பொருள்.

இந்தச் சாந்தியாகோவுக்கு ஸ்பெயினில் இன்னொரு பட்டம் உண்டு: மத்தாமோரோஸ், ‘மூர்களைக் கொல்பவர்’. மூர்கள் என்று ஸ்பானியர் குறித்தது நம்மவரைத்தான். எட்டு நூற்றாண்டுக்காலம் அந்தலூசியாவில் வாழ்ந்த முஸ்லிம்களோடு பொருதியபோது எந்தப் பெயரை முழங்கினார்களோ, அதே பெயரை முழங்கிக்கொண்டுதான் அவர்கள் அமெரிக்கக் கண்டத்திலும் இறங்கினர். கிரனடாவின் கடைசி முஸ்லிம் அரசு வீழ்ந்ததும், கொலம்பஸ் கப்பலேறியதும் ஒரே ஆண்டில், 1492இல். எனவே, அமெரிக்காவில் இறங்கிய முதல் தலைமுறையினருக்குப் பிற மதத்தார் எவரைக் கண்டாலும் மூரின் முகமே தெரிந்தது. மெக்சிகோவை வென்ற கோர்த்தெஸ் தம் மன்னருக்கு எழுதிய மடல்களில் அந்நாட்டுக் கோயில்களை ‘மெஸ்கித்தா’ என்றே குறிக்கிறார். நம் ‘மஸ்ஜித்’ என்ற சொல்லின் ஸ்பானிய வடிவம் அது! யுகத்தான் கரையில் கல்மாளிகைகள் நிறைந்த ஊரொன்றை முதன்முதல் கண்ட ஸ்பானியர் அதற்கு ‘பெரிய கெய்ரோ’ என்று பெயரிட்டனர். இதைப் பதிவு செய்தவர் படைவீரர் பெர்னால் தியாஸ். முதுமையில் தம் வரலாற்று நூலை எழுதியதும், 1584இல் கண்மூடியதும் நாம் பேசும் இந்நகரில்தான்.

நகரை அமைத்த பெத்ரோ தெ அல்வராதோ, ஸ்பெயினின் பதாஹோஸ் ஊரில் பிறந்தவர். அரபு வரலாற்றாசிரியர்கள் பத்தல்யவ்ஸ் என்றழைத்த, ஒரு காலத்தில் அஃப்தசீ அரசர்கள் ஆண்ட அதே ஊர்! 1524இல் அவர் குவாத்தமாலா மண்ணில் புகுந்தபோது கிச்சே இனத்தாரின் தலைவர்களை உயிரோடு எரித்தார். தாமே எழுதிய மடலில் அதனைக் கூசாமல் தெரிவிக்கவும் செய்தார். கிச்சேயரின் பகைவரான கக்சிக்கேல் மக்கள் அவருக்குத் துணை நின்றனர். அவர்கள் தலைநகரான இஷிம்ச்சேயில்தான், அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில், யாக்கோபு அடிகளின் திருநாளையொட்டி முதல் சாந்தியாகோ நிறுவப்பெற்றது. பின்னர் அல்வராதோ கேட்ட பொன்னைக் கொடுத்து மாளாமல் கக்சிக்கேலர் ஊரைவிட்டு மலைகளுக்குள் ஓடி, ஆண்டுக்கணக்கில் போரிட்டனர். துணை நின்றவன் கையாலேயே துயருற்ற கதையைத் தம் மொழியில் அவர்கள் எழுதிவைத்த ஏடு இன்றும் இருக்கிறது. வென்றவன் எழுதியதை மட்டும் படிப்பவருக்கு வரலாற்றில் பாதிதான் கிட்டும்.

1527இல் ஸ்பானியர் அல்மொலோங்கா பள்ளத்தாக்கில், அகுவா என்னும் மலையின் அடிவாரத்தில் நகரை மீண்டும் அமைத்தனர். அகுவா என்றால் நீர். இம்மலை தீயைக் கக்கியதை வரலாற்றுக் காலத்தில் எவரும் கண்டதில்லை. அதன் எதிரே நிற்பது ஃபுவேகோ, அதாவது நெருப்பு. அதனோடு ஒட்டி நிற்கும் அகத்தெனாங்கோ 3,976 மீட்டர் உயரம். மற்றவை இரண்டும் ஏறத்தாழ 3,760 மீட்டர். எந்த மலைக்கு அஞ்சவேண்டுமென்று அக்குடிகளைக் கேட்டிருந்தால் புகையும் ஃபுவேகோவையே காட்டியிருப்பார்கள். அழிவோ அமைதியாக நின்ற மலையிலிருந்து வந்தது.

1541இல் அல்வராதோ மெக்சிகோவில் குதிரை விழுந்து நசுக்க மாண்டார். செய்தி வந்ததும் அவர் மனைவி பியாத்ரிஸ் தெ லா குவேவா மாளிகைச் சுவர்களுக்குக் கருமை பூசச் செய்தார். செப்டம்பர் 9ஆம் நாள் நகரவை அவரையே ஆளுநராக ஏற்றது. ‘பேறற்ற பியாத்ரிஸ்’ என்று அவர் கையொப்பமிட்டார். நாள் கணக்கில் அடைமழை பெய்துகொண்டிருந்தது. மறுநாள் இரவு நிலம் அதிர, அகுவா மலையின் சரிவிலிருந்து நீரும் சேறும் பாறைகளும் மரங்களும் ஒன்றாய்த் திரண்டு நகர்மீது பாய்ந்தன. வழிபாட்டறைக்கு ஓடிய பியாத்ரிஸும் உடனிருந்த பெண்களும் அங்கேயே மடிந்தனர். மலையுச்சியிலிருந்த ஏரி உடைந்தது என்று நெடுங்காலம் எழுதினர். மழையில் ஊறிய எரிமலை மண் சரிந்து சேற்றாறாகியது என்பதே இக்கால நிலவியலார் பெரிதும் கொள்ளும் கருத்து.

அக்காலத்தார் சொன்ன காரணமோ வேறு. கணவனை இழந்த பெண் அளவுகடந்து அழுதாள், இறைவனை நொந்து பேசினாள், அதனால் வந்த தண்டனை என்றனர். தலைவர்களை உயிரோடு எரித்தவனின் செயல் அக்கணக்கில் வரவில்லை. ஒரு விதவையின் கண்ணீர்தான் மலையை உடைத்ததாம்! பேரிடர் வரும்போதெல்லாம் பழியைச் சுமக்க எளியவர் ஒருவரைத் தேடும் வழக்கம் எந்த நாட்டாருக்கும் புதிதன்று.

1543இல் நகரம் அருகிலிருந்த பான்சோய் பள்ளத்தாக்குக்கு மாறியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், இதமான தட்பவெப்பம், நேர்கோடாய்க் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தெருக்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக இதுவே சியாப்பாஸ் முதல் கோஸ்தா ரிக்கா வரை பரந்த ஆட்சிப் பகுதியின் தலைநகரம். 1660இல் அச்சுக்கூடம் வந்தது. 1676இல் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்துக்கு அரசாணை கிடைத்தது.

அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் படத்தை முதன்முதல் கண்டபோது இது குர்துபாவோ, மர்ராக்கிஷோ என்று ஐயுற்றேன். நடுமுற்றத்தைச் சூழ்ந்து, பூவிதழ் அடுக்கியதுபோல் வளைவு வளைவாய் நிற்கும் வில்வளைவுகள். நடுவில் நீர்த்தாரை. வெளியே வெறுஞ்சுவர், உள்ளே சோலை. ஸ்பானிய மன்னர்கள் முஸ்லிம்களையும் யூதர்களையும், அவர்கள் மதம் மாறியிருந்தாலுங்கூட, புதிய உலகுக்குக் கப்பலேறக் கூடாதென்று தடுத்திருந்தனர். ஆள் தடுக்கப்பட்டார், ஆளின் கைத்திறன் தடையின்றிக் கடல் கடந்தது! கிறிஸ்தவ ஆட்சியின்கீழ்த் தங்கிவிட்ட முஸ்லிம் கைவினைஞரிடமிருந்து ஸ்பானியர் கற்ற கட்டடமுறைக்கு ‘முதேஹார்’ என்று பெயர். தங்கிவிட அனுமதிக்கப்பட்டவர், பழக்கப்படுத்தப்பட்டவர் என்னும் பொருள்தரும் ‘முதஜ்ஜன்’ என்ற அரபுச் சொல்லே அது.

சொற்களைப் பாருங்கள். கொத்தனாருக்கு ஸ்பானிய மொழியில் ‘அல்பன்யில்’. அது நம் ‘அல்பன்னா’. மண்கல் ‘அதோபே’, அது ‘அத்தூப்’. வண்ண ஓடு ‘அசுலேஹோ’, அது ‘அஸ்ஸுலைஜ்’. வாய்க்கால் ‘அசேக்கியா’, அது ‘அஸ்ஸாகியா’. குளம் ‘அல்பெர்க்கா’, அது ‘அல்பிர்கா’. நிலத்தடி நீர்த்தொட்டி ‘அல்ஹிபே’, அது ‘அல்ஜுப்பு’. சூறா யூசுஃபில் யூசுஃப் நபியை அவர்தம் சகோதரர் இட்ட கிணற்றைக் குறிக்கும் அதே சொல்! நகரவையில் நீதி வழங்கிய அதிகாரிக்கு ‘அல்கால்தே’ என்று பெயர். அவர் நம் ‘அல்காளி’ அன்றி வேறு யார்? மூர்களைக் கொல்பவரின் பெயரைத் தாங்கிய நகரத்தில், காளியின் பெயர் தாங்கியவரே நீதி வழங்கியிருக்கிறார். மதரஸாவில் இலக்கணப் பாடத்தில் ‘வரக்’ என்றால் இலை என்று உருப்போட்ட பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இந்நகரின் லா மெர்செத் தேவாலயத்தின் முகப்பு முழுவதும் வெண்சுதையில் இலையும் கொடியுமாய்ப் படர்ந்திருக்கிறது. அவ்வேலைப்பாட்டை ‘அத்தவுரிக்கே’ என்பர். ‘அத்தவ்ரீக்’ என்ற அந்தச் சொல், ‘வரக்’ பெற்ற பிள்ளை.

ஆயினும் பெருமிதத்தில் ஓர் உண்மையை மறத்தலாகாது. அச்சுவர்களை எழுப்பிய கைகள் அரபுக் கைகள் அல்ல, ஸ்பானியக் கைகளும் பெரும்பாலும் அல்ல. சுற்றுப்புறச் சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்ட கக்சிக்கேல் முதலிய மக்களின் கைகள் அவை. அவர்களில் பலர் தொடக்கத்தில் அடிமைகளாகவே கொணரப்பட்டவர்கள்.

நிலம் அவர்களை அமைதியாய் வாழவிடவில்லை. 1717இலும் 1751இலும் பெருநடுக்கங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் சுவர்கள் இன்னும் தடித்தன, தூண்கள் இன்னும் குட்டையாயின, கோபுரங்கள் பணிந்தன. 1767இல் கட்டிமுடித்த லா மெர்செத் இப்படிக் கற்ற பாடத்தின் விளைவு. பிறகு 1773 ஜூலை 29, சாந்த்தா மார்த்தா திருநாளின் பிற்பகலில் முதலில் ஓர் அதிர்ச்சி. மக்கள் வெளியே ஓடிவந்தனர். சிறிது நேரத்தில் அதனினும் கொடிய அதிர்ச்சி வந்து மாளிகைகளையும் மடங்களையும் பிளந்தது. முதல் அதிர்ச்சி எச்சரிக்கையாக அமைந்ததால் தப்பிய உயிர்கள் பல. லா மெர்செத் பெருஞ்சேதமின்றி நின்றது.

அதன்பின் நடந்ததுதான் என்னை இந்நகரின் வரலாற்றோடு கட்டிப்போட்ட பகுதி. ஆளுநர் மார்த்தீன் தெ மயோர்கா தலைநகரை வேறிடம் மாற்றவேண்டும் என்றார். பேராயர் பெத்ரோ கோர்த்தெஸ் இ லாராஸ், இடிந்ததைக் கட்டி இங்கேயே இருப்போம் என்றார். அரசும் சமயபீடமும் இரு கட்சிகளாய் நின்று மோதின. இதில் கொள்கை மட்டுமன்று, சொத்தும் இருந்தது. மடங்களின் வருவாய் பழைய நகரின் வீடுகளில் கட்டுண்டு கிடந்தது. 1775இல் மன்னரின் ஆணை ஆளுநருக்குச் சார்பாய் வந்தது. 1776 ஜனவரியில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் புதிய குவாத்தமாலா நகரம் தொடங்கிற்று. பேராயர் மேலும் சில ஆண்டுகள் அசையாதிருந்து, 1779இல் பதவி துறந்து சென்றார்.

பெரியோர் இருவர் சண்டையிடச் சுமை தூக்கியவர் யார்? ஹொக்கொத்தெனாங்கோ ஊரின் கொத்தனார்களுக்குப் புதிய நகரைக் கட்டக் குடிபெயரும்படி ஆணை வந்தது. இடிந்த வீடுகளின் கதவும் சன்னலும் மரமும் கல்லும் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. பூகம்பம் தின்றதுபோக மீதியை மனிதர் தின்றனர் எனலாம். ஆயினும் ஒரு சாரார் போகவில்லை. போகச் சொன்ன ஆணைகளைக் கேட்டும் கேளாதவராய், கூரையற்ற மடங்களுக்கிடையே குடிசையிட்டு, சந்தை கூட்டி, பயிர் செய்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் அவ்வூருக்கு மீண்டும் உயிரூட்டின. தலைநகரம் என்னும் தகுதி போனதால் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. வறுமையே அந்நகரைக் காத்தது. 1944இல் நாட்டின் நினைவுச் சின்னமாகவும், 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாகவும் அது அறிவிக்கப்பட்டது.

ஆபத்துக்கு அஞ்சி ஓடிய புதிய தலைநகரமோ 1917 இறுதியிலும் 1918 தொடக்கத்திலும் வந்த நடுக்கங்களில் இடிந்து விழுந்தது. 1976 பிப்ரவரி 4இல் நாட்டில் ஏறத்தாழ 23,000 பேரைக் கொன்ற பெருநடுக்கம் பழைய நகரம், புதிய நகரம் என்று பாராமல் இரண்டையும் தாக்கிற்று.

ஃபுவேகோ இன்றும் ஓயவில்லை. 2002 முதல் பெரும்பாலும் இடைவிடாது புகைந்தும் வெடித்தும் வருகிறது. 2018 ஜூன் 3இல் அதிலிருந்து பாய்ந்த கொதிசாம்பல் வெள்ளம் சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்னும் சிற்றூரைப் புதைத்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். அருகிலிருந்த செல்வர் உல்லாச விடுதியின் விருந்தினர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தனர். ஊராருக்கு உரிய வேளையில் எச்சரிக்கை எட்டவில்லை. அந்திகுவாவின் கூரைகளில் அன்று சாம்பல் படிந்தது. மக்கள் அதைக் கூட்டி மூட்டைகளில் கட்டினர்.

குவாத்தமாலாவின் சிற்றூர்த் திருவிழாக்களில் ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்னும் ஆடல் இன்றும் நடக்கிறது. முகமூடியணிந்து மூர் வேடம் போடுபவர் கிச்சேயராகவோ கக்சிக்கேலராகவோ இருப்பார். ஆட்டத்தில் தோற்பவர் மூரே. அந்திகுவாவின் தெருக்களிலோ, ஈஸ்டருக்கு முந்திய வாரத்தில், குடும்பத்தோடு அமர்ந்து வண்ண மரத்தூளாலும் மலர்களாலும் விரிப்புகள் வரைவார்கள். அவ்விரிப்புக்கு ‘அல்ஃபொம்ப்ரா’ என்று பெயர். தொழுகைக்கு விரிக்கும் சிறுபாயான ‘கும்ரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர். ‘ஹன்பல்’ என்பதிலிருந்து என்பர் வேறு சிலர். இரவெல்லாம் கண்விழித்து வரைந்த கோலத்தின்மேல் காலையில் ஊர்வலம் நடந்து செல்கிறது. பின்னாலேயே துப்புரவுத் தொழிலாளர் வந்து தூளை அள்ளிச் செல்கின்றனர்.