பாட்டன் பேர் சென்சஸில் இருக்குமா?



2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 பட்டியல்களில் தாய் தந்தை பெயரை எல்லோரும் தேடினோம். அது கிடைத்ததும் சிலருக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. "சார், வெள்ளைக்காரன் காலத்து சென்சஸில் எங்க பாட்டன் பேரைப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

பெயரைப் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் 100 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுப்புப் படிவங்களை அப்படியே திறந்துவிடுகிறார்கள். 1921 படிவங்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள்தான். நம் நாட்டில் 1881 பிப்ரவரி 17 அன்று முதன்முறையாக நாடு முழுவதும் ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். அன்று தொடங்கி 10 ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்த்தான் எழுதினார்கள். ஆனால் தொகை கூட்டியதும் படிவத்தின் வேலை முடிந்தது. அச்சில் நின்றது எண்ணிக்கை மட்டுமே. 1948 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, தனிநபர் விவரம் உள்ள பதிவை யாரும் பார்வையிட முடியாது. 1991, 2001, 2011 மூன்று முறையும் நான் கணக்கெடுப்பாளராகப் போயிருக்கிறேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, பேரனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்த அப்பத்தாக்கள் எத்தனையோ பேர். அந்தப் பெயர்களை எழுதிய நானே இன்று போய்க் கேட்டாலும் கிடைக்காது.

அதனால் பழைய சென்சஸ் நமக்குப் பயன்படாது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய அறிக்கைகள் சென்சஸ் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910 இல். 1901 வரை உள்ள கணக்கை மதுரை மாவட்டத்தின் கீழ், இராமநாதபுரம் ஜமீன் பகுதியில் பார்க்க வேண்டும். 1951 முதல் மாவட்டக் கையேடுகள் வந்தன. அவற்றில் கிராமவாரியாக வீடு எத்தனை, தலை எத்தனை, படித்தவர் எத்தனை என்று இருக்கும். வருவாய்க் கிராமத்தின் பெயரில் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

எண்களுக்கும் வாய் உண்டு. 1871 இல் சென்னை மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர். 1881 இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். பெருக வேண்டிய தொகை குறைந்தது 1876–78 பஞ்சத்தால். உங்கள் வம்சாவளியில் அந்தத் தலைமுறையில் திடீரென்று கிளைகள் அற்றுப்போயிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அதேபோல நம் மாவட்டத்தில் அந்தக் காலத்திலேயே ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆண்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனார்கள். 1914 இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து இன்னும் கூடியது. "தாத்தா கொழும்பில் இருந்தாராம்" என்று வீட்டில் சொன்னால், அவர் இங்குள்ள கணக்கில் இருக்க மாட்டார், இலங்கைக் கணக்கில் இருந்திருப்பார். 1911 இலங்கைக் கணக்கெடுப்பு இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்று தனித்தனியே எண்ணியது. பின்னாளில் குடியுரிமைச் சிக்கல் வந்தபோது அந்தப் பிரிவினை எத்தனை குடும்பங்களைப் பாதித்தது என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

பெயர் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருப்பது சின்ன விஷயம் இல்லை. அசாமில் 1951 கணக்கெடுப்பை வைத்துக் குடிமக்கள் பதிவேடு தயாரித்தார்கள். அறுபது ஆண்டு கழித்து அந்தப் பழைய ஏட்டில் தாத்தா பெயரைக் காட்டச் சொன்னார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சம் பேருக்கு மேல் இடமில்லை.

அப்படியானால் நம் பாட்டன் பேரை எங்கே தேடுவது? நான் கண்ட வழிகள் நான்கு.

ஒன்று, பத்திரங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இரண்டு தலைமுறை இருக்கும். நான்கு மால் எழுதிய இடத்தில் பங்காளிகளும் கிடைப்பார்கள்.

இரண்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. தகப்பனார் பெயர், தொழில், ஊர் எல்லாம் அதில் உண்டு. பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள் ஏராளம்.

மூன்று, கோயில் தலைக்கட்டு வரி நோட்டு. ஊரில் எத்தனை குடும்பம், யார் தலைவர், யார் எந்த ஆண்டு தனிக்குடித்தனம் போனார் என்பதை ஆண்டுதோறும் சொல்லும். ஊர் தானே எடுத்த சென்சஸ் அது.

நான்கு, மொய் நோட்டு. ஊர்வாரியாக உறவுகள் அதில் இருக்கும். பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் இரண்டும் தெரிந்துவிடும்.

இந்த நான்கிலும் ஒரு குறை. பெண்கள் பெயர் அரிது. உங்கள் அப்பத்தாவைப் பெற்ற தாயின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது எந்த ஏட்டிலும் இராது. வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1. கைப்பேசியிலேயே விவரம் பதிகிற முதல் கணக்கெடுப்பு. அந்தப் பெயர்களும் உங்கள் பேரப்பிள்ளைகள் கண்ணில் படப்போவதில்லை. ஆகவே நமக்கென்று ஒரு படிவம் போட்டுக்கொள்ளுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்கு வரும்போது 40 பக்க நோட்டு ஒன்று கொண்டு வாருங்கள். மேலே நான்கு தலைமுறை, ஆண் பெண் இருபாலரும், பிறந்த ஊர், புகுந்த ஊர், போன தேசம் எல்லாம் கேட்டு எழுதுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் முதலில் கேளுங்கள்.

எழுதியவர்கள் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். நம் ஊர்க்காரர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், உப்பூர்