மணலுக்குள் ஒரு சாட்சி

கடற்கரையில் அலை ஏறி இறங்கும் இடத்தில் நிற்கும்போது, உள்ளங்காலுக்கு அடியில் ஏதோ குறுகுறுவென்று நெளிவதை நம்மில் பலர் உணர்ந்திருப்போம். அந்த ஈரமணலை ஒரு கை வாரி எடுத்தால், முட்டை வடிவமும் சாம்பல் நிறமும் கொண்ட சிறு பிராணி ஒன்று விரல்களின் இடுக்கில் பின்புறமாகத் துளைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். இது நண்டுக்கு உறவினம். ஆனால் கவ்வும் கொடுக்குகள் இதற்குக் கிடையா. 'எமெரிட்டா' என்பது இதன் அறிவியல் பெயர். இதை இக்கட்டுரையில் மணல் நண்டு என்றே அழைப்போம். கரையில் வளை தோண்டி, பக்கவாட்டில் ஓடும் நண்டு வேறு, இது வேறு.

சென்னைக் கடற்கரையில் வாழும் இனம் எமெரிட்டா ஏசியாட்டிக்கா. இதன் நெருங்கிய உறவினமான எமெரிட்டா அனலோகா, அமெரிக்காவின் மேற்கே கலிபோர்னியாக் கரையில் வாழ்கிறது. 1857-ஆம் ஆண்டில் ஸ்டிம்ப்சன் என்ற விலங்கியல் அறிஞர் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதை மீன்பிடி தூண்டிலுக்கான இரையாகவும், கடல்வாழ் உயிரியல் மாணவர்களுக்கான பாடமாகவும் மட்டுமே மக்கள் கருதி வந்தனர். 1971-இல் அச்சிறு பிராணி ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொல்வதுபோல் முன்னே வந்து நின்றது. அந்த வரலாற்றையே இங்குக் காணப்போகிறோம்.

அலையோடு ஏறி இறங்கும் வாழ்க்கை

முதலில் சாட்சியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். கலிபோர்னியா மணல் நண்டில் பெண்ணே பெரியது. அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரைச் சென்டிமீட்டர். ஆண் அதைவிடச் சிறியது. கால்கள் மண்வெட்டியைப்போல் தட்டையானவை. இது முன்புறமாக நடப்பதே இல்லை. நீந்துவதும் புதைவதும் பின்புறமாகவே. அலை அடித்த சில நொடிகளில் உடல் முழுவதையும் மணலுக்குள் மறைத்துக்கொண்டு, முகம் கடலை நோக்கியிருக்க அமர்ந்துவிடும்.

இதற்கு இரண்டு இணை உணர்கொம்புகள் உண்டு. முதல் இணை ஒன்றுசேர்ந்து ஒரு குழாய்போல் அமைந்து, மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். செவுள்களுக்கு வேண்டிய நீர் அதன் வழியே உள்ளே செல்கிறது. இரண்டாம் இணை இறகுபோன்றது. சாதாரணமாகச் சுருண்டே கிடக்கும். கரையேறிய அலை திரும்பிச் செல்லும்போது அது விரிந்து வலைபோல் நீரை வடிகட்டும். சிக்கிய நுண்பாசிகளை நண்டு வழித்து வாயில் இட்டுக்கொள்ளும். அலைக்கு அலை இதே வேலைதான். கடல்மட்டம் உயர்ந்தால் கூட்டமாகக் கரையின் மேற்பகுதிக்கு வரும். தாழ்ந்தால் கீழே இறங்கும்.

பெண் நண்டு ஒரே சமயத்தில் 45,000 வரையிலான செம்மஞ்சள் நிற முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமக்கிறது. சுமார் ஒரு மாதத்தில் அவை பொரிகின்றன. குஞ்சுகள் நான்கு மாதங்களுக்கு மேல் கடலில் மிதந்து, பல உருமாற்றங்களை அடைந்தபின் ஏதோ ஒரு கரையில் வந்து தங்குகின்றன. பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆயுள்.

சென்னை இனத்தின் வாழ்க்கை இன்னும் வியப்பானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நண்டு சிறிதாக இருக்கும்போது ஆணாக வாழ்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது என்று காட்டியது.

இவற்றுள் இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வளர்ந்த மணல் நண்டு பெரும்பாலும் தான் தங்கிய கரையை விட்டு நெடுந்தொலைவு போவதில்லை. அக்கரையின் நீரை அது ஓயாமல் வடிகட்டிக்கொண்டே இருக்கிறது.

டி.டி.டி.யின் காலம்

டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் 1874-இலேயே ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. அது பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-இல் கண்டறிந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பவுல் முல்லர். இரண்டாம் உலகப்போரின்போது டைபஸ் காய்ச்சலையும் மலேரியாவையும் கட்டுப்படுத்த அது பெரிதும் உதவியது. 1948-இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் வயல்களிலும் தோட்டங்களிலும் அதை மிகுதியாகத் தெளித்தனர்.

ஆனால் அதன் பலமே அதன் தீமையும் ஆயிற்று. டி.டி.டி. எளிதில் சிதைவதில்லை. நீரில் மிக அரிதாகவே கரையும்; கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே உயிரினங்களின் உடற்கொழுப்பில் சேர்ந்து, சிறு உயிரிலிருந்து அதைத் தின்னும் பெரிய உயிருக்குச் செல்லச் செல்ல அதன் செறிவு கூடிக்கொண்டே போகும். இந்த ஆபத்தை 1962-இல் ரேச்சல் கார்சன் தம் நூலின் மூலம் உலகுக்கு எடுத்துரைத்தார்.

கலிபோர்னியாவில் அதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. அங்குள்ள அனகாப்பா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது வழக்கம். 1970-இல் அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட இணைகள் முட்டையிட்டும் ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. முட்டையோட்டில் சுண்ணாம்புச் சத்துச் சேர்வதை டி.டி.டி.யின் சிதைபொருள் தடுத்துவிட்டது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடையைத் தாங்காமல் முட்டைகள் நொறுங்கின.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

இவ்வளவு நஞ்சு கடலுக்கு எப்படி வந்தது? வயலில் தெளித்தது மழைநீரோடு ஆற்றில் கலந்து கடலை அடைகிறது என்று நினைப்பது இயல்பே. கலிபோர்னியா பெரும் வேளாண்மை நாடல்லவா? மீனையோ பறவையையோ சோதித்தால் உடலில் நஞ்சு இருப்பது தெரியும். அந்த நஞ்சு எந்த இடத்தில் சேர்ந்தது என்பது தெரியாது. அவை ஊர் ஊராகத் திரிபவை. ஓரிடத்தில் தங்கி வாழும் சாட்சி வேண்டும்.

பர்னெட் என்ற ஆய்வாளர் மணல் நண்டைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்னியாக் கரை நெடுகிலும் பல இடங்களில் நண்டுகளைச் சேகரித்து, அவற்றின் உடலிலிருந்த டி.டி.டி. எச்சத்தை அளந்தார். முடிவு 1971-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. வேளாண்மை நிலங்களின் வடிகால்கள் கடலில் கலக்கும் இடங்களிலுள்ள நண்டுகளைவிட, லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கழிவுநீர்க் குழாய் கடலில் திறக்கும் இடத்திற்கு அருகிலிருந்த நண்டுகளில் 45 மடங்குக்கும் அதிகமான நஞ்சு இருந்தது! கரையோரமாக அக்குழாயை நெருங்க நெருங்க அளவு ஏறியது. வயலைவிடப் பெரிய ஊற்று ஒன்று இருக்கிறது என்பதை நண்டு காட்டிவிட்டது. டி.டி.டி. தயாரிக்கும் தொழிற்சாலையே அந்த ஊற்றாக இருக்கக்கூடும் என்றார் பர்னெட்.

டாரன்ஸ் நகரில் மான்ட்ரோஸ் நிறுவனம் 1947 முதல் டி.டி.டி. தயாரித்து வந்தது. அதன் கழிவு நகரச் சாக்கடையோடு கலந்து பாலோஸ் வெர்டெஸ் கடற்பகுதியில் போய் விழுந்தது. 1950-களின் பிற்பகுதி முதல் 1970-களின் தொடக்கம் வரை இவ்வழியே கடலில் சேர்ந்த டி.டி.டி. ஏறத்தாழ 1,700 டன் எனப் பின்னர் மதிப்பிட்டனர்.

பின்னர் நடந்தவை

நண்டின் சாட்சியம் மட்டுமே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. வேறு பல ஆய்வுகளும் மக்கள் இயக்கங்களும் துணைநின்றன. 1972-இல் அமெரிக்கா உள்நாட்டு வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடைசெய்தது. அந்தத் தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. அரசு 1990-இல் தொடுத்த வழக்கு, 2000-இல் சுமார் 14 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாடுகளோடு முடிந்தது. கூழைக்கடாக்கள் மெல்லப் பெருகின. 2009-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன. எனினும் கடலடிச் சேற்றில் படிந்த நஞ்சு முற்றிலும் நீங்கிவிடவில்லை. கொட்டுவதற்குச் சில ஆண்டுகள் போதும். அகற்றுவதற்குப் பல தலைமுறைகள் வேண்டும்.

மணல் நண்டின் பணியும் முடிந்துவிடவில்லை. சில வகை நுண்பாசிகள் பெருகும்போது 'டோமோயிக் அமிலம்' என்னும் நஞ்சு கடல்நீரில் உண்டாகிறது. அதை முன்கூட்டி அறிவிக்கவும் இந்நண்டு பயன்படக்கூடும் என்று 2002-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. கலிபோர்னியாவில் பள்ளி மாணவர்களே கரைக்குச் சென்று மணல் நண்டுகளை எண்ணி, அளந்து குறித்துவைக்கும் திட்டமும் உண்டு.

அடுத்த முறை கடற்கரையில் காலடியில் ஏதேனும் நெளிந்தால், அதை வாரி எடுத்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பார்த்தபின் ஈரமணலில் விட்டுவிடுங்கள். நாம் கடலுக்குள் விடுவதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.