மரத்தை நிறுத்தும் கயிறு

1025-இல் ராஜேந்திரன் கடாரம் வென்றதைப் பற்றி நம்மவர்கள் எழுதியிருப்பதை அடுக்கினால் ஒரு தோணி நிரம்பிவிடும். அந்தக் கப்பல்களில் பாய்மரம் எப்படி நிமிர்ந்து நின்றது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. சரித்திரத்துக்கு இது கௌரவக் குறைவான கேள்வி போலிருக்கிறது. கடலே இல்லாத பனமரத்துப்பட்டியில், வங்கிப் பேரேடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் இதைக் கேட்பது வேடிக்கைதான். இருக்கட்டும்.

பாய்க்கப்பலில் கயிறு இரண்டு ஜாதி. ஒன்று பாயை ஏற்றும், இறக்கும், திருப்பும். மற்றது எதையும் நகர்த்தாது. மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இதன் விறைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் மரம் உதறி உதறி ஒரு நாள் முறியும். மிதமிஞ்சி இறுக்கினாலோ கயிறுகளெல்லாம் சேர்ந்து மரத்தைக் கீழே அழுத்தும். அடிமரம் ஆப்பு மாதிரி கப்பலின் முதுகெலும்பில் இறங்கும். இன்றைய எஃகு வடங்களுக்கு, அறுபடும் பளுவில் 15 முதல் 20 சதவீதம் என்று பொதுவாக ஒரு கணக்கு உண்டு. தேங்காய்நார்க் கயிற்றுக்கு அது செல்லாது. நார் இழுக்க இழுக்க நீளும். காற்றுக்கு மறைவான பக்கத்தில் கயிறு தொய்யும். அப்போது அதை இழுத்துக் கட்டி, கப்பலைத் திருப்பியபின் மறுபக்கத்தையும் கட்டவேண்டும். ஒரு தடவையில் முடிகிற காரியமல்ல.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், கட்டுத்தறியை முறித்துக்கொண்டு திரியும் மதயானைக்குப் புயலில் சிக்கிய நாவாயை உவமை சொல்கிறார். யானையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குக் கப்பல் முக்கியம். அழிவின் வரிசையைப் பாருங்கள்: முதலில் இறுகக் கட்டிய கயிறு அறுகிறது, பிறகு பாய் கிழிகிறது, அதன் பிறகே மரம் அடியோடு முறிகிறது. இந்த வரிசை ஓசைக்காக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கப்பலைப் பார்த்தவன், அல்லது பார்த்தவனிடம் கேட்டவன் எழுதியது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில், ஒரு பக்கம் மட்டும் மிதவை கட்டிய படகுகளில் கயிற்றோடு மனிதனையும் சேர்த்துக்கொண்டார்கள். காற்று ஏறினால் ஆட்கள் மிதவைப் பக்கம் போய் நிற்பார்கள். ஓராள் காற்று, ஈராள் காற்று என்று காற்றுக்கே அது அளவாயிற்று.

வல்வெட்டித்துறையில் வேம்பில் கட்டிய 'அன்னபூரணி' 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவி பெயரை வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப்போய், சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். முன்மரத்தில் குறுக்குப் பாய்கள், பின்மரத்தில் நெடுக்குப் பாய்கள் கொண்ட அந்த அமைப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பழம்பெருமைக்காரர்களுக்கு இது உவப்பாக இராது. இம்மாதிரிக் கப்பலில் பின்மரத்தை முன்னே இழுத்துப் பிடிக்கும் கயிறு முன்மரத்தின் அடியில் முடியும். அதனால் இறுக்குவதை முன்னாலிருந்து தொடங்கவேண்டும். அன்னபூரணியின் தண்டையல் இதை எந்தச் சொற்களில் ஆட்களுக்குச் சொன்னார்? நம் உரைநடைக்கு அது வந்து சேரவே இல்லை.

தூத்துக்குடித் தோணிகளிலும் பின்னால் எஞ்சின் ஏறிவிட்டது. பாய் ஓட்டிய கிழவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது போய், ஒவ்வொரு கயிற்றுக்கும் என்ன பெயர், எது முதலில் கட்டப்படும் என்று கேட்டு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடலாம். கவிதை அனுப்ப நிறையப் பேர் இருக்கிறார்கள்.