கணிப்பொறியின் பின்பக்கம்: ஒரு வியாபாரி படித்த வரலாறு

ஆமதாபாத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிறவனுக்குக் கணிப்பொறிச் சரித்திரத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கல்வெட்டு, செப்பேடு என்றே எழுதிப் பழகியவன் நான். ஆனால் கணிப்பொறியின் பின்பக்கமும் ஒரு கல்வெட்டுத்தான். படிக்கத் தெரிந்தால் வணிக வரலாறு அங்கே கிடைக்கிறது.

1995இல் எங்கள் கடைக்கு முதல் கணிப்பொறி வந்தது. விசைப்பலகைக்கு வட்டமான 5 பின், மௌஸுக்கு 9 பின், திரைக்கு 15 பின், பிரிண்டருக்கு 25 பின். ஒன்றின் கேபிள் இன்னொன்றில் ஏறாது. மெஷின் ஓடும்போது பிரிண்டர் கேபிளைப் பிடுங்கினால் போர்ட்டே போய்விடும் என்று மெக்கானிக் பயமுறுத்திவிட்டுப் போனார்.

மௌஸ் மாட்டிய சீரியல் போர்ட்டில் பிட்டுகள் ஒற்றை வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஆர்எஸ்-232 எனும் இம்முறை டெலிபிரிண்டர், மோடம் ஆகியவற்றுக்காக 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. பிரிண்டருக்கான பாரலல் போர்ட்டில் எட்டு பிட்டுகள் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். 'வேலையாக இருக்கிறேன்' என்று பிரிண்டர் சைகை காட்டத் தனிக் கம்பி உண்டு.

இதைக் கொண்டுவந்தது 1970இல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி. பிரிண்டர் பக்கம் 36 முனை. ஏன் 36? வியாபாரிகள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தாய்க் கம்பெனியான வாங் லேபரட்டரீஸிடம், பழைய கால்குலேட்டருக்கு வாங்கிய 36 முனை இணைப்பான்கள் 20,000 தேங்கிக் கிடந்தன. அதையே மாட்டிவிட்டார்கள்! குடோனில் தேங்கிய சரக்கு உலகத்துக்கே அளவாகிவிட்டது. 1981இல் ஐபிஎம் தன் கணிப்பொறிப் பக்கம் 25 பின் வைத்தது. அதனால்தான் அந்தக் கேபிளுக்கு இரண்டு முனையும் இரண்டு விதம். முறையான தரவிதி 1994இல்தான் வந்தது. அதுவரை வழக்கே சட்டம்.

நிற்க. 1996 ஜனவரியில் ஏழு கம்பெனிகள் சேர்ந்து யுஎஸ்பியை வெளியிட்டன. இன்டெல்லில் இதற்குப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் அஜய் பட். நம் பக்கத்து வடோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நாலே கம்பி: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மின்சார முனைகள் சற்றே நீளம். செருகும்போது முதலில் மின்சாரம் சேர்ந்து, பிறகே தகவல் முனை தொடும். ஆகவே ஓடும் மெஷினிலும் பயமின்றிச் செருகலாம். இன்டெல் இதற்கு ராயல்டி வாங்கவில்லை. பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய போர்ட்டுகளையே விட்டுவிட்டது.

எங்களுக்கு அடி விழுந்தது 2008இல். தீபாவளி வாரத்தில் பழைய மெஷின் படுத்துக்கொள்ள, புதிது வாங்கினோம். பின்னால் 25 பின் போர்ட்டே இல்லை! டாஸில் எழுதிய எங்கள் பில் புரோகிராமுக்கு அந்த ஒரு வாசல்தான் தெரியும். யுஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கினோம்; விண்டோஸ் பிரிண்டரைக் கண்டது, புரோகிராம் காணவில்லை. சோப்டா பூஜைக்குள் கணக்கு முடிய வேண்டும். மூன்று நாள் கார்பன் வைத்துக் கையாலேயே பில் போட்டோம். எங்கள் மேத்தாஜிக்கு வாயெல்லாம் சிரிப்பு. பிறகு ஒரு பையன் வந்து, அந்தப் பழைய வாசலுக்குப் போகிற அச்சு வேலையைப் புதிய பிரிண்டருக்குத் திருப்பிவிடும் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினான். ஓடிற்று.

பழைய மெஷினையும் பிற்பாடு ரிப்பேர் செய்து வைத்திருக்கிறேன். பதின்மூன்று வருஷத்துக் கணக்கு அதில் கிடக்கிறது. பங்காருக்குப் போடலாம் என்கிறான் மகன். கேபிளைச் சுருட்டி என் அலமாரியில் பூட்டிவிட்டேன்.